நெடுந்தீவில் ஒரு நாள்

கடல் கடந்து செல்வதென்றால் விமானமேறிச் சிங்கப்பூருக்கோ இலண்டனுக்கோ செல்வதுதான் என்று நம் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பட்டினத்திலே காலையில் ஒரு பஸ் வண்டியிலும், பின்னர் ஒரு படகிலும் ஏறினால், உச்சிப்பொழுது வருமுன்னரே முற்றிலும் வேறானதோர் உலகத்தைக் கண்டுவிடலாம் என்பதை அவர்களுக்கு நாம் சொல்லுவதில்லை. சொல்லாமைக்குக் காரணம், நம்மிற் பலர் அங்கு சென்றதில்லை என்பதே. சென்ற சித்திரை விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு நெடுந்தீவுக்குப் போய்வந்தோம். அந்த ஒரு நாளில் எங்கள் பிள்ளைகள் கற்றதைவிட நான் கற்றது அதிகம். ஆதலால் இதனை எழுதத் துணிந்தேன்.

எங்கள் குடும்பம் சிறியது. நானும் மனைவியும், பன்னிரண்டு வயதான மகளும், எட்டு வயதான மகனும், என் மாமியாரும் ஒரே வீட்டில் வாழ்கிறோம். மாமியார் நெடுந்தீவிற் பிறந்தவர். 1985ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், நாலு வயதுக் குழந்தையாக இருந்த என் மனைவியை இடுப்பிற் சுமந்துகொண்டு அத்தீவை விட்டு வந்தவர், அதன்பின் ஒருநாளேனும் அங்கே திரும்பிச் செல்லவில்லை. ஊரைப் பற்றி ஓயாது பேசுவார். ஊருக்குப் போவோம் என்றால் மட்டும் முழங்கால் நோவு என்பார், விரதம் என்பார், மழைக்குணம் என்பார். நாங்களும் வற்புறுத்துவதில்லை.

இம்முறை இரண்டு காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. கனடாவில் வாழும் அவருடைய தம்பியார், தீவிலுள்ள வீட்டு வளவை விற்றுவிடுவதே நல்லதென்று கேட்டிருந்தார். அதே வாரத்தில் மகள் அவர் பக்கத்தில் அமர்ந்து, “அம்மம்மா, உங்கடை வீட்டை எனக்கு ஒருக்கால் காட்டுங்கோ” என்றாள். மாமியார் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “சரி மோனை, வித்துப்போட்டுக் காட்டேலாது. போவம்” என்றார்.

தீவுகளினூடே வீதி

விடியற்காலையிலே புறப்பட்டோம். பண்ணைப் பாலத்தைக் கடக்கும்போது இருபுறமும் கடல்நீர் கண்ணாடிபோற் கிடந்தது. களங்கண்டி வலைகளின் கம்புகளில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து வெயில் காய்ந்தன. அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை எனப் பனங்கூடல்களினூடே வீதி ஓடி, மீண்டும் கடலை ஊடறுக்கும் ஒரு நீண்ட தாம்போதி வழியாகப் புங்குடுதீவை அடைகின்றது. அதன் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் துறையே பஸ் வண்டிப் பிரயாணத்தின் முடிவு.

வழியிலே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுக் காட்டினேன். ஒல்லாந்தர் இங்கே ஆண்ட காலத்தில், தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை எங்கள் தீவுகளுக்குச் சூட்டினார்கள். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று, வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம். “அப்படியெண்டால் நாங்கள் இப்ப லைடனிலையோ நிக்கிறம்?” என்று மகன் கேட்டுச் சிரித்தான். அந்தப் பெயர்கள் யாவும் ஏட்டளவில் நின்று மறைந்தன. டெல்வ்ற் என்ற பெயர் மட்டும் நெடுந்தீவை விடாது பற்றிக்கொண்டு, இன்றும் அரச ஏடுகளிலும் தேசப்படங்களிலும் வழங்குகின்றது. ஒல்லாந்தருக்கு முன்வந்த போர்த்துக்கேயர் இதனைத் தங்கள் மொழியில் ‘பசுக்களின் தீவு’ என்று அழைத்தனர். ஊரவரோ பசுந்தீவு என்றும் பாலைத்தீவு என்றும் அன்போடு சொல்வர்.

துறைமுகத்தில் ஒரு தயக்கம்

குறிகட்டுவானில் நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோரும், நாக விகாரைக்குச் செல்லும் சிங்கள யாத்திரிகரும் ஒரு பக்கமாகத் திரண்டு நின்றனர். நெடுந்தீவுப் படகின் அருகே கூட்டத்தின் தன்மை வேறாக இருந்தது. அரிசி மூடைகள், எரிவாயு உருளைகள், மருந்துப் பொதி, ஒரு துவிச்சக்கரவண்டி, பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் ஆசிரியர்கள் என ஒரு தீவுக்கு வேண்டிய யாவும் அந்த ஒரு படகிலேயே ஏறிக்கொண்டிருந்தன.

மாமியார் படகைப் பார்த்தபடி துறையின் ஓரத்தில் நின்றுவிட்டார். அவருடைய கை நடுங்குவதை என் மனைவி கண்டுகொண்டாள். “அம்மா, பயமெண்டால் திரும்பிப் போவம்” என்று மெதுவாகச் சொன்னாள். பிள்ளைகள் ஒன்றும் விளங்காமல் எங்கள் முகங்களைப் பார்த்தார்கள். படகோட்டி ஒருவர், வயது முதிர்ந்தவர், இறங்கி வந்து, “வாங்கோ அக்கா, இண்டைக்குக் கடல் நல்லாய்க் கிடக்கு” என்று கை நீட்டினார். மாமியார் பேத்தியின் கையை இறுகப் பற்றிக்கொண்டு, மறு கையை அவரிடம் கொடுத்து, படகில் ஏறினார்.

ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணம். தீவுகளின் மறைவில் உள்ளவரை கடல் ஏரிபோல் இருந்தது. நயினாதீவுக் கோபுரம் பின்னே சிறுத்து மறைந்ததும், திறந்த கடலின் அலைகள் படகைத் தூக்கிப் போடத் தொடங்கின. சோளகக் காற்று வீசும் மாதங்களில் இந்தப் பகுதி மிகவும் கொந்தளிக்கும் என்றும், சில நாட்களில் படகே ஓடாது என்றும் அருகிலிருந்த ஆசிரியர் கூறினார். பிரசவ வேதனையுற்ற பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் இதே கடல்மீதுதான் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று அவர் சொன்னபோது, அலையில் எழுந்தும் தாழ்ந்தும் ஆரவாரித்துக்கொண்டிருந்த என் மகனும் அமைதியானான்.

நினைவுத் தூபி

படகு மாவிலித்துறையை அடைந்தது. கரையிறங்கியதும், துறைக்கு அணித்தாக நிற்கும் நினைவுத் தூபி கண்ணிற் பட்டது. மகள் அதனருகே சென்று, “இது ஆருக்கு அப்பா?” என்று கேட்டாள்.

நான் பதில் தேடினேன். சிறுவர்களிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்ற கேள்வி ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒருநாள் வருகின்றது. எனக்கு அந்த நாள் அதுவாயிற்று. நான் வாய் திறக்குமுன் மாமியாரே சொல்லத் தொடங்கினார்.

1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி, இத்துறையிலிருந்து குமுதினி என்னும் படகு வழக்கம்போற் குறிகட்டுவானை நோக்கிப் புறப்பட்டது. நடுக்கடலில் அது வழிமறிக்கப்பட்டது. உயிர் தப்பியோரின் வாக்குமூலத்தின்படி கடற்படையினர் அதில் ஏறிப் பயணிகளை வெட்டியும் குத்தியும் கொன்றனர். ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடு பார்க்கப்படவில்லை. “அதிலை போன ஆக்களிலை கனபேரை எனக்குத் தெரியும். முதல்நாள் கிணத்தடியிலை கண்டு கதைச்சவை” என்று மாமியார் சொன்னார். அழவில்லை. குரலும் உயரவில்லை. சொல்லி முடித்ததும் வழியோரத்தில் நின்ற ஒரு செடியிற் பூப் பறித்து, பேரனின் கையிற் கொடுத்து, தூபியடியில் வைக்கச் சொன்னார்.

குமுதினிப் படகு பின்னாளில் திருத்தப்பட்டு மீண்டும் சேவை செய்தது என்பதையும் அவரே கூறினார். கடல் ஒன்றுதான் வழியாக இருக்கும்போது, எந்தத் துயரத்துக்குப் பின்னும் தீவு மக்கள் படகில் ஏறியே ஆகவேண்டும். நாற்பது ஆண்டளவு அவர் ஏன் இவ்வழியை வெறுத்தார் என்பதும், அன்று காலையில் அவர் கை ஏன் நடுங்கியது என்பதும் பிள்ளைகளுக்கு அப்போது விளங்கின. நான் பேசியிருந்தால் அவ்வளவு நன்றாக விளங்கியிராது.

சாந்தில்லாத மதில்கள்

முச்சக்கர வண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டு தீவைச் சுற்றப் புறப்பட்டோம். நெடுந்தீவு ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளமும் 6 கிலோமீற்றர் அகலமும் உடையது. மலையில்லை, ஆறில்லை, உள்ளங்கைபோலத் தட்டையானது. தரை முழுதும் முருகைக்கல். அந்தக் கல்லே இங்கு வேலி. நமது ஊர்களிற் கிடுகு வேலியும் கதியாலும் காண்பதுபோல, இங்கே ஒவ்வொரு வளவையும் வயலையும் ஒழுங்கையையும் முருகைக்கல் மதில்கள் சூழ்ந்துள்ளன. சுண்ணாம்போ சீமெந்தோ இன்றி, கல்லின்மேற் கல்லை இடம் பார்த்து அடுக்கியே அவற்றை எழுப்பியுள்ளனர். கற்களின் இடைவெளியூடாகக் காற்றுப் புகுந்து செல்வதால், கடும் புயலிலும் அவை எளிதில் விழுவதில்லை. விழுந்தாலும், விழுந்த கல்லையே எடுத்து மீண்டும் அடுக்கலாம். இதனினும் சிக்கனமான சிற்பம் வேறெங்குண்டு?

வெடியரசன் கோட்டை எனப்படும் இடிபாடுகளையும் கண்டோம். தீவுகளை ஆண்ட வெடியரசன் என்னும் தலைவனோடு, கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்த மீகாமன் போரிட்டான் என்பது மக்கள் வழங்கும் கதை. அங்கே முருகைக்கல்லாலான பழைய பௌத்த தூபிகளின் அடித்தளங்களும் காணப்படுகின்றன. கடலோடிகளும் வணிகரும் பல சமயத்தவரும் இத்தீவைத் தொட்டுச் சென்றனர் என்பதற்கு அவை சான்று.

இன்னோரிடத்திற் பெருக்கமரம் ஒன்று நிற்கின்றது. ஆபிரிக்காவைத் தாயகமாகவுடைய இம்மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்திருக்கலாம் என்பர். மன்னாரிலுள்ள பெருக்கமரத்தைப் பலர் அறிவர். அதற்கு இது உறவு. அடிமரத்திலுள்ள துளையினூடே உள்ளே நுழைந்தால், ஒரு சிறிய அறைக்குள் நிற்பதுபோலிருக்கும். பிள்ளைகள் இருவரும் உள்ளே புகுந்தவர்கள் வெளியே வர மறுத்துவிட்டனர். வைத்தியசாலைக்கு அண்மையில், அந்நியர் ஆட்சிக் காலத்தில் செய்தி கொண்டு செல்லும் புறாக்களை வளர்த்த கூண்டுத் தூணையும், கடலோரத்தில் இடிந்துகிடக்கும் கோட்டையையும் பார்த்தோம். “புறா மாறிப் பறந்து போனால் என்ன செய்வினம்?” என்றான் மகன். தொலைபேசியையே கையிற் பிடித்துப் பிறந்த தலைமுறைக்கு அது நியாயமான ஐயமே.

குதிரைகளும் நீரும்

நெடுந்தீவு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருபவை குதிரைகள். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தரும் இங்கே குதிரை வளர்த்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்த பின்னரும் அத்தொழில் சில காலம் நடந்தது. கடலே வேலியாகவும், வெளியெங்கும் புல்லாகவும், கொடிய விலங்கு ஒன்றும் இல்லாததாகவும் அமைந்த நிலம் குதிரைப் பண்ணைக்கு எவ்வளவு பொருத்தம்! ஆட்சியாளர் போயினர், லாயங்கள் இடிந்தன, கல்தூண்கள் மாத்திரம் எஞ்சின. குதிரைகள் வெளியிலே பெருகி, கட்டவிழ்ந்த மந்தைகளாயின. உருவத்திற் சிறியவையாதலால் ஊரவர் மட்டக்குதிரை என்பர். 2015ஆம் ஆண்டில் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது.

தெற்கே அகன்ற வெளியை அடைந்தபோது, முப்பது நாற்பது குதிரைகள் வெயிலில் தலை தாழ்த்தி நிற்கக் கண்டோம். கபில நிறமும் கறுப்பும் சாம்பலுமாக அவை கடலைப் பின்னணியாகக் கொண்டு நின்ற காட்சி கண்ணை விட்டு அகலாது. ஆயினும் அருகே சென்றபோது, சிலவற்றின் விலா எலும்புகள் தெரிந்தன. மாரிமழை ஓய்ந்து சில மாதங்களில் குளங்குட்டைகள் வற்றிவிடும். கடும் வறட்சி ஆண்டுகளிற் குதிரைகள் நீரின்றி மடிவதும் உண்டு. மகன் தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு குட்டியை நோக்கி நடந்தான். குட்டி மிரண்டு ஓடியது. நீர் மண்ணிற் சிந்தியது.

“சிந்தாதை மோனை, இந்த ஊரிலை அது பொன்” என்றார் மாமியார்.

அவர் சொன்னது மிகையன்று. இதன் காரணத்தை மாணவர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. தீவில் விழும் மழைநீர் சுண்ணக்கல்லின் துளைகளூடே கீழிறங்கி, அங்கே பரந்திருக்கும் உவர்நீரின் மேலே மிதக்கின்றது. நன்னீர் இலேசானது, கடல்நீர் கனமானது. ஆதலால் எண்ணெய் நீர்மேல் நிற்பதுபோல ஒன்றன்மேல் ஒன்று நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கலாம் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. மாறாக, மேலே 1 அடி நீரை இறைத்து வற்றச் செய்தால், கீழேயிருந்து உவர்நீர் 40 அடி மேலேறிவிடும். ஆகவே ஆழமாகத் தோண்டுவதும் அளவின்றி இறைப்பதும் தீங்கு. இதனை எந்த நூலும் படியாமலே அறிந்திருந்த தீவு மக்கள், ஆழமில்லாத சிறு பள்ளங்களைத் தோண்டி, ஊறும் நீரை மெல்ல அள்ளிக்கொண்டனர். இவற்றைப் பூவல் என்பர். சாராப்பிட்டியிலுள்ள நன்னீர்க் கிணறுகள் தீவு முழுதும் பேர்பெற்றவை. நாங்கள் சென்றபோது ஒரு முதியவர் அங்கே நீர் அள்ளித் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். சற்றுத் தொலைவில் இரண்டு குதிரைகள் அவர் போகும்வரை பொறுமையுடன் காத்து நின்றன.

வளவு

பிற்பகலில் மாமியாரின் வளவை அடைந்தோம். வீட்டின் கூரை எப்போதோ விழுந்துவிட்டது. சுவரினுள்ளே ஒரு வடலி ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. மதில் மட்டும் முன்பிருந்தபடியே நின்றது. வாசலருகே மூன்று கற்கள் சரிந்து கிடந்தன. மாமியார் குனிந்து ஒன்றை எடுத்தார். மகளும் மகனும் மற்ற இரண்டையும் தூக்கினர். எந்தக் கல் எந்த இடத்திற் பொருந்தும் என்று அவர் காட்டிக்கொடுக்க, பிள்ளைகள் அடுக்கினார்கள். மூன்று முறை விழுந்தது. நாலாம் முறை நின்றது.

வளவின் மூலையில் இருந்த பூவல் மண்ணும் சருகும் மூடிக் கிடந்தது. பக்கத்து வளவுக்காரர் எங்களைக் கண்டு வந்தார். மாமியார் தம் தகப்பனாரின் பெயரைச் சொன்னதும், அவர் உடனே வீட்டுக்குள் ஓடிப் பாயும் செம்பும் கொண்டுவந்தார். அன்று அவர் வீட்டில் உண்ட சிவப்பரிசிச் சோற்றையும் மீன்குழம்பையும் எந்த உணவகமும் தராது. அவருடைய பிள்ளைகளும் யாழ்ப்பாணத்திலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்களாம். தீவில் இன்று வாழ்வோர் ஏறக்குறைய நாலாயிரம் பேரே. படிப்புக்கும் தொழிலுக்கும் வைத்தியத்துக்கும் எனப் போனோர் பலர், போரினால் அகன்றோர் பலர். “வளவை விக்கப் போறியளோ?” என்று அவர் கேட்டார். மாமியார் சோற்றைப் பிசைந்தபடி, “அதைப் பாக்கத்தான் வந்தனான்” என்றார்.

திரும்பும் படகு பிற்பகலிலேயே புறப்பட்டுவிடும். தவறவிட்டால் அன்றிரவு தீவில் தங்கவேண்டியதுதான். ஆதலால் விரைந்து துறைக்கு வந்தோம். படகில் மாமியார் இம்முறை ஒருவர் கையையும் பிடிக்கவில்லை. காற்றோட்டமான இடத்தில் அமர்ந்து, தீவு ஒரு கோடாகி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு என்னிடம் திரும்பினார்.

“தம்பி, அந்தப் பூவலைத் துப்பரவாக்க எவ்வளவு செலவாகும்?”

நான் ஒரு தொகையைச் சொன்னேன். “தம்பியாருக்கு எழுதிவிடும். விக்கிற காசிலை பங்கு வேண்டாம், துப்பரவாக்கிற செலவிலை பங்கு தரச் சொல்லும்” என்றார். என் மனைவி முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டாள்.

அன்பார்ந்த பெற்றோரே, விடுமுறை நாளில் உங்கள் பிள்ளைகளையும் ஒருமுறை இங்கே அழைத்துச் செல்லுங்கள். மாரி ஓய்ந்த தை, மாசி மாதங்களிற் புல் பசுமையாக இருக்கும். குளங்களில் நீரும் இருக்கும். படகு புறப்படும் நேரத்தை முதல்நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். குடிநீரும் தொப்பியும் கொண்டுசெல்லுங்கள். பிளாஸ்திக்குப் போத்தல்களை மறவாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். மதில்களிலிருந்து கல்லைப் பெயர்க்கவோ குதிரைகளைத் துரத்தவோ பிள்ளைகளை விடாதீர்கள். தாத்தாவோ பாட்டியோ அத்தீவவராயின், அவர்களையும் தயங்காது அழைத்துச் செல்லுங்கள். வழிகாட்டிகள் சொல்லாத பலவற்றை அவர்கள் சொல்வார்கள்.

இப்பொழுது எங்கள் வீட்டிற் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கும் வழக்கம் நின்றுவிட்டது. யாரும் கட்டளையிடவில்லை. மகன்தான் ஒவ்வொருவராகப் பார்த்து மூடிவிடுகிறான்.